விளக்கை வை

அன்புள்ள வவ்வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கினால் பாதிப் பொய்யாகிவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன் மேல் கோபம், அப்பா மட்டும் குத்துக்கல்லாக இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் நீ பார்த்தாயா என்றுகூடத் தெரிவதில்லை. உன்னோடு வேலை செய்யும் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "வர்றார், வேலை பாக்கறார், போறார். யார்கூடயும் பேசறதில்ல" என்றாள். அதனால்தான் காகிதம். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிற ஒன்றை நீ எப்படி அணைத்து வைக்கிறாய், பார்க்கலாம்.

கடைசியாக நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "ஊரே திட்டினாலும் பரவால்லக்கா. நீ சொல்லு, நான் கெடுத்துட்டேனா? நீயும் ஆமான்னா இந்த வேலையையே விட்டுடறேன்" என்றாய். ஒருத்தி தலையில் இப்படிப் பாறாங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனை அணைத்துவிட்டால் எப்படி?

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. கண்ணாடிக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸைப் போட்டு, அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இது நல்லா தெரியுதா, முன்ன போட்டது நல்லா தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்பது. பாதிப் பேர் பரீட்சைக்கு வந்தவர்களைப்போல நடுங்குவார்கள். தப்பாகச் சொன்னால் நான் அடித்துவிடுவேன் என்ற பயத்தில் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார்கள். இப்போது நீ என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாய். நான் ரெண்டும் ஒன்று என்று சொல்லப் போவதில்லை.

கிணறு நம் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? பழைய சாமான் கடையில், பெட்டியும் இல்லாமல், கீறல் விழுந்த ஒரு தட்டாகக் கிடைத்தது. அந்த வீடியோ கேமின் நிஜப் பெயரை யாரோ சுரண்டி வைத்திருந்தார்கள். கிணற்றுக்குள் இறங்குகிற கேம் என்பதால் கிணறு என்று நாமே பெயர் வைத்தோம். தளம் தளமாக இறங்க வேண்டும். இடது கையில் ஒரு விளக்கு. ஒவ்வொரு தளத்தின் முடிவிலும் ஓர் இரும்புக் கதவு. அதை இழுக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் விளக்கைத் தரையில் வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்ததுமே வெளிச்சம் காலடிக்குச் சுருங்கிவிடும். பின்னால் ஏதோ ஊர்ந்து வரும். திரும்பிப் பார்த்தால் போச்சு. பயந்து பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். விடாத கொஞ்சம் பேர் எங்கெங்கிருந்தோ ஒருவரையொருவர் கண்டுபிடித்து ஒரு குழுவாகச் சேர்ந்தோம். அந்தக் குழுவில் இருப்பதே ஒரு பெருமையாக இருந்தது.

அப்பா லாரி எடைமேடையிலிருந்து வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், நம் நாற்காலிக்குப் பின்னால் வலது கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். நாம் கதவுக்கு முன்னால் தயங்கினால் போதும், "விளக்க வைடா! வெச்சிட்டு ரெண்டு கையாலயும் இழு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அப்புறம் அது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. கடை வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது அதைத்தான் சொன்னார். விமான நிலையத்தில் நீ பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போகாமல் நின்றபோதும் அதேதான். பிடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு ஆக வேண்டியதைப் பார் என்று அர்த்தம்.

கிணறு செய்த கம்பெனி மூடிப்போனது, பெயர் யாரிடமோ மாட்டிக்கொண்டது. அதே மாதிரி ஒரு கேம் செய்கிறோம், பெயரைத்தான் வைக்க முடியாது, மூக்கும் முழியும் அப்படியே இருக்கும் என்று நீ வேலை செய்கிற புது கம்பெனி சொன்னதும் குழுவில் நாங்கள் குதித்த குதி உனக்குத் தெரியாது. வெளிவருவதற்கு முன்பே அதை வாரிசு என்றுதான் கூப்பிட்டோம். அதில் விளக்கு உன் பொறுப்பு என்று நீ சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வந்தது. போட்டேன். முதல் கதவுக்குப் போய், விளக்கை வைக்கிற பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. விளக்கு என் தோளுக்கு மேலே தானாக மிதந்துகொண்டிருந்தது, வளர்ப்புக் கிளி மாதிரி. கதவும் தொட்டவுடன் திறந்துகொண்டது. பின்னால் எதுவும் ஊரவில்லை. நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குழுவில் உனக்கு "விளக்கைப் பிடுங்கினவன்" என்று பெயர். உனக்குத் தெரிந்திருக்கும், அதனால்தானே ஒளிந்துகொண்டிருக்கிறாய். எல்லோரும் விளக்கம் வேண்டும், விளக்கம் வேண்டும் என்று கத்துகிறார்கள். நான் உன் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் எங்கள் முதலாளியைப் பார். போனில் அலாரம் வைக்கத் தெரியாத மனிதர், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வாரிசு ஆடி ஒன்பதாம் தளத்தில் இருக்கிறார்! நாம் ஒன்பதாம் தளத்தைப் பார்க்க ஒரு பள்ளி விடுமுறையே போனது. "சூப்பரா இருக்கும்மா, மனசுக்கு லேசா இருக்கு" என்று என்னிடமே சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. அவர் சந்தோஷமாக இருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? நிஜமாகவே யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். விளக்கு ஏன் மிதக்கிறது? நீதானே செய்தாய். இதற்கு ஒரு வரி எழுது, உன் கேள்விக்கு நானும் பதில் சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் படி. படித்துவிட்டு மறுபடியும் சாப்பிடு.

கோபத்தோடும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்போடும்,
அக்கா

*

வவ்வாலுக்கு,

பார்சல் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தது, நானும் இங்கேதான் வந்து தங்கியிருக்கிறேன். ஒரு வரி பதில் கேட்டால், ஒரு புதுக் கேம் பெட்டியும் கன்ட்ரோலரும் அனுப்பி, மேலே "அப்பாவுக்கு" என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறாய். சொல்லுக்கும் பஞ்சமா அங்கே? ஆனாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா பெட்டியை ஒரு துணியால் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு இது எதற்கு என்றுதான் நினைத்தேன். வாழ்நாளில் ஒரு தடவையாவது கன்ட்ரோலரைத் தொட்டிருக்கிறாரா? நாம் நீட்டினாலும், "எனக்கெதுக்கு, நீங்க ஆடுங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். இந்தத் தடவையும் அதையேதான் சொன்னார். சரி, தம்பி அனுப்பியதாயிற்றே, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று டிவியில் இணைத்து, உள்ளே இருந்த வாரிசைப் போட்டேன். ஆரம்பத்திலேயே திரையில் ஒரு கேள்வி வந்தது. இரண்டு கையாலா, ஒரு கையாலா? நான் என் வீட்டில் ஆடியபோதும் வந்திருக்கும், எதையோ அழுத்தித் தாண்டிப் போயிருப்பேன். அப்பா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"ஒரு கையாலன்னா, நிஜமாவே ஒரு கையாலயா?" என்று கேட்டார்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கன்ட்ரோலரைத் தொடைமேல் வைத்து, வலது கையை மேலே போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நடப்பது, திரும்புவது, கதவு திறப்பது எல்லாமே வலது கையிலேயே முடிகிறது. எடைமேடையில் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பாரே, அதேபோல ஒவ்வொரு அறையையும் சுற்றி வருகிறார். சுவரில் ஈரம் இருக்கிறதே, எங்கிருந்து கசிகிறது என்று கேட்கிறார். இந்தப் படிக்கட்டை யார் கட்டினார்கள், ஏன் இத்தனை குறுகலாகக் கட்டினார்கள் என்று கேட்கிறார். "இந்த விளக்குக்கு எண்ணெய் யார் ஊத்தறாங்க?" என்றும் கேட்டார். கம்பெனி ஊற்றும்பா என்றேன். "பெரிய மனசுதான்" என்றார். அம்மாதான் பாவம். "இருக்கிறது ஒரு டிவி, அதுவும் கிணத்துல விழுந்துடுச்சு" என்று புலம்பிக்கொண்டே, அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டுகிற மெஷினில் அப்பாவின் இடது கை மாட்டியபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். இரண்டு கையாலும் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்த அப்பாவை எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. விரல்கள் விறைத்துப்போய், மெஷின் வேலையிலிருந்து எடைமேடைக்கு மாற்றிய பிறகு வந்த அப்பாதான் உன் அப்பா. அவருக்கு ஆடுவதில் ஆசையில்லை, நின்று கத்துவதில்தான் ஆசை என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாயா, இல்லை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாயா?

ஏனென்றால், அவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு கைதான் உண்டு என்றால், அந்தக் கையில் விளக்கைப் பிடித்தால் கதவைத் தொட முடியாது. கீழே வைத்தாலும் அந்தக் கதவு இரண்டு கை கேட்கும். அப்படியானால் விளக்கு எங்கேயாவது தானாக நின்றால்தான் உண்டு, கதவும் தொட்டவுடன் திறந்தால்தான் உண்டு. அப்படியா? அதுதானா? இல்லை, நான்தான் உன்மேல் உள்ள பாசத்தில் இல்லாததை எல்லாம் பார்க்கிறேனா?

அதுதான் என்றாலும் என் கோபம் முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மிதக்கவிட்டாய், சரி. எனக்கும் ஏன் மிதக்கவிட்டாய்? என் கையில் கொடுத்திருக்கலாமே?

குளியலறையிலிருந்து அப்பா பல் விளக்கிக்கொண்டே குரல் கொடுக்கிறார். வாய் நிறைய நுரை. உன்னை விளக்கச் சொல்ல வேண்டுமாம். கேட்டாயா? இனி நீ தப்பிக்க முடியாது, அப்பாவே கேட்டுவிட்டார். ஒற்றைச் சொல் எல்லாம் வேண்டாம், உட்கார்ந்து விவரமாக எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

*

என் தம்பிக்கு,

இந்தக் கடிதம் கிடைத்ததும் வேறு எதையும் செய்யாமல் முதலில் படித்து முடி.

உன் நான்கு பக்கங்கள் வந்தன. "மதிப்பிற்குரிய அப்பாவுக்கு" என்று தொடங்கியிருந்ததைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. நம் வீட்டில் யாருக்கடா இந்த மதிப்பிற்குரிய? அப்பாவே வாங்கிச் சத்தமாகப் படித்தார். ஆடிப் பார்க்க வரவழைத்த ஆட்களில் பெரும்பாலோர் முதல் கதவிலேயே எழுந்து போய்விட்டார்கள் என்று எழுதியிருந்தாய். விளக்கை வைக்கிற வேலையே வேண்டாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள், நீ சண்டை போட்டாய், ஆனாலும் கடைசியில் செய்தது நீதான், தப்பு உன்னுடையதுதான் என்று எழுதியிருந்தாய். பெற்ற அப்பாவே விளக்கம் கேட்கிற நிலைமைக்கு வந்த பிறகு அந்த வேலையில் இருப்பதில் அர்த்தமில்லை, ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், மாதக் கடைசியில் கொடுத்துவிடுவேன் என்று முடித்திருந்தாய்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "யார் இவன்கிட்ட விளக்கம் கேட்டது?" என்றார்.

நீங்கள்தானே என்றேன். "நானா? நான் எங்க கேட்டேன்?" என்றார். பல் விளக்கும்போது சொன்னீர்களே என்றேன். அப்பா என்னையே பார்த்தார். "அவன விளக்க வெக்கச் சொல்லுன்னேன். விளக்க. வெக்க" என்று, காது கேட்காதவர்களிடம் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் விளக்கிக்கொண்டே விளக்கை வைக்கச் சொன்னதை, உன்னை விளக்கச் சொன்னதாக நான் எழுதிவிட்டேன்! வெக்க என்ற சொல் நுரையோடு போய்விட்டது. அம்மா சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அப்பா சிரிக்கவில்லை. "புள்ள என்ன நினைச்சிருப்பான்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் சாயங்காலம் டீ குடிக்கிற வரைக்கும் என்னிடம் பேசவில்லை. எனக்குச் சிரித்ததற்கே வெட்கமாக இருந்தது.

ஆகவே முதலில் இதைத் தெரிந்துகொள். ஊரே உன்னிடம் விளக்கம் கேட்டது. குழு கேட்டது. நானும் கேட்டேன். அப்பா கேட்கவே இல்லை.

அவர் உன் கேமை அடித்தளம்வரை ஆடி முடித்துவிட்டார். எப்படிப்பா இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா பண்ணியிருக்கான். ஒவ்வொரு ரூமும் அவ்வளவு அழகு" என்றார். கூடவே, "ஆனா வைக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார். பிறகு என்னிடம் அவர் கேட்டதைக் கேட்டால் நீ நம்ப மாட்டாய். "அந்தப் பழசு இருக்கா?"

பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினோம். தட்டு இன்னும் ஓடுகிறது. ஆனால் பழைய கன்ட்ரோலர் இரண்டு கை கேட்குமே? அதனால் அப்பாவும் நானும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்தோம். ஒரே கன்ட்ரோலர், வலது பாதி அவருக்கு, இடது பாதி எனக்கு. நடப்பது அவர், விளக்கு நான். முதல் கதவு வந்தது. "வை" என்றார். வைத்தேன். வெளிச்சம் சுருங்கியது. பின்னால் அந்தச் சத்தம். இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு முதுகு சில்லிட்டது. இரண்டு பக்கத்து விசையையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், நினைவிருக்கிறதல்லவா? நான் முந்தினேன், செத்தோம். அவர் முந்தினார், செத்தோம். அம்மா பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "சேர்ந்து இழுங்களேன், ரெண்டு பேருக்கும் என்ன கேடு!" என்று கத்தினாள்.

பிறகு அப்பா ஒன்று செய்தார். எப்போதும் முதுகுக்குப் பின்னாலோ சட்டைப்பையிலோ வைத்திருக்கிற அந்த இடது கையை எடுத்து என் மணிக்கட்டின் மேல் வைத்தார். "நான் அமுக்கும்போது இழு" என்றார். விரல்கள் மடங்காது, முழுக் கையாலும் ஓர் அழுத்து அழுத்தினார். இழுத்தோம். கதவு திறந்தது. நாங்கள் மூன்று பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டார். கிணத்துல இறங்கிட்டோம் என்றாள் அம்மா. அவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு உன் கேம் பிடிக்கவில்லை. உன் மனசு நோகக் கூடாது என்று பொய் சொன்னால் நாளைக்கு நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். எனக்கு அந்தப் பயம் வேண்டும், விளக்கு என் கையில் வேண்டும், வைக்கிற அந்த ஒரு நொடி வேண்டும். அது உன் கேமில் இல்லை.

கெடுத்துவிட்டாயா என்று கேட்டாயே, அதற்குப் பதில் வேறு. எதைக் கெடுத்தாய்? கிணறு அப்படியே இருக்கிறது, நேற்றுகூட இறங்கிப் பார்த்தோம். உன் கேம் வராமல் இருந்திருந்தால் அப்பா இன்னும் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருப்பார். அவரை அங்கிருந்து வரவழைத்து முன்னால் உட்கார வைத்தது அதுதான். முதலாளியைக்கூட இப்போது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காமல் இல்லை. கடையில் ஒருவருக்குப் பளிச்சென்று தெரிகிற லென்ஸை இன்னொருவருக்குப் போட்டால் மங்கிவிடும், அதற்காக லென்ஸைத் திட்டிக்கொண்டு யாரும் போவதில்லை. இதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு இது புரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது, பார்.

உன் நான்கு பக்கத்தில் கம்பெனி இருக்கிறது, ஆடிப் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள், மேலிடம் இருக்கிறது. அப்பாவின் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்டிருந்தது அதைத்தான். படித்து முடித்ததும் அப்பா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. பரவாயில்லை என்பதுபோல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நானும் இனிமேல் அதைக் கேட்க மாட்டேன்.

வேலையில் இருப்பதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் அப்பா கேட்டார், அக்கா சொன்னாள் என்று எங்கள் பெயரைச் சொல்லி வேலையை விடாதே. இன்னொன்று, அடுத்த தடவை ஒரே விளக்கை இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கிற மாதிரி ஏதாவது வழி உண்டா என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டுமாம். ஒருவர் வைக்க, இன்னொருவர் இழுக்க. நீ இல்லாவிட்டால் அங்கே இதை யாரிடம் போய்க் கேட்பது?

இந்தத் தடவை அப்பாவின் வாயில் நுரை இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் எழுதுகிற ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை! அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம். விளக்கை வை. கொஞ்ச நேரம் இருட்டாகத்தான் இருக்கும், பின்னால் சத்தமும் கேட்கும். திரும்பிப் பார்க்காதே. உனக்கு ஒரு குறையும் வராது. கதவை இந்தப் பக்கமிருந்து நாங்களும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம், நீ அமுக்கினால் இழுத்துவிடுவோம்.

போன் மேஜைமேல் இருக்கிறது. அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பார், அம்மாவையும் என்னையும் பக்கத்தில் விட மாட்டேன் என்கிறார்.

என்றும் உன்,
அக்கா

என் பெயருக்குக் கீழே கோணல்மாணலாக இருக்கிறதே, அது அப்பாவின் கையெழுத்து. இடது கையால் போட்டிருக்கிறார். நான் போடச் சொல்லவில்லை.